காற்றில் ஆறும் எஞ்சின்: ஆமைக்காரும் ஒரு ‘ஸ்ரீ’யும்

வொக்ஸ்வேகன் பீற்றிலுக்கு எங்கட ஊரில் பெயர் ஆமைக்கார். சிங்களத்தில் ‘இப்பா’ என்கிறார்கள், அதுவும் ஆமைதான். இங்கிலிஷ்காரனுக்கு வண்டாகத் தெரிந்த சாமான் எங்களுக்கு ஆமையாகத் தெரிந்தது. வாவியும் கடலும் சூழ்ந்த நாட்டில் அது நியாயமான உவமை என்றே நினைக்கிறோம். கூரை ஓடு மாதிரி வளைந்திருக்கும், அவசரப்படாது, நீண்ட ஆயுள்.

எங்கட வயதுக்காரர் பலர் இந்தக் காரைப் பார்த்திருப்பது இரண்டு இடத்தில். ஒன்று கல்யாண வீட்டு வாசல், மற்றது இன்ஸ்டகிராம். ஆனால் கல்லடி, புளியந்தீவு, ஆரையம்பதிப் பக்கம் வளர்ந்தவர்கள் அதைப் பார்ப்பதற்கு முன்னமே கேட்டிருப்பார்கள். ஒழுங்கைக்குள் ஒரு ஆமைக்கார் திரும்பினால் வீட்டுக்குள் இருக்கிற ஆளுக்கும் தெரியும். தகரப் பேணிக்குள் விரலால் தட்டுகிற மாதிரி, கொஞ்சம் தையல் மிசின் மாதிரி, பின்னால் இருந்து வரும் ஒரு சத்தம். இன்றைய காருக்கு அந்தச் சத்தம் இல்லாததற்குக் காரணம் தண்ணீர். அந்தச் சத்தத்தை இன்றைக்கும் ஆட்கள் தேடிப் போவது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரைக்கான கேள்வி. நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள், ஸ்பனர் பிடிக்கத் தெரியாது. ஆனால் ஒரு பொருளை ஆட்கள் எதற்காக நேசிக்கிறார்கள், நேசிக்கும்போது எதை மறக்கிறார்கள் என்பது எங்கட பாடத்துக்குள் வருகிற விசயம்.

முதலில் எஞ்சின். எரிகிற பெற்றோலில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது, மிச்சம் சூடாகப் போகிறது. அந்தச் சூட்டை எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். பெரும்பாலான கார்களில் எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடும், அந்தத் தண்ணீர் முன்னால் உள்ள ரேடியேற்றரில் போய் ஆறித் திரும்பி வரும். தண்ணீர் கெட்டிக்காரப் பொருள். ஒரே கனவளவு காற்றை விட மூவாயிரம் மடங்குக்கு மேல் சூட்டைச் சுமக்கும். அப்படியிருக்க, தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றை மட்டும் நம்பி ஒரு காரைச் செய்வது முட்டாள்தனம் போலத் தெரியும். ஆமைக்காரில் செய்தது அதைத்தான். நாலு சிலிண்டர்களும் இரண்டு இரண்டாக எதிர் எதிரே படுத்திருக்கும். ஒவ்வொன்றின் உடம்பிலும் மீன் செதில் அடுக்கின மாதிரி மெல்லிய உலோகத் தகடுகள். காற்றுத் தொடுகிற பரப்பைக் கூட்டுவதற்கு அவை. மேலே ஒரு பெரிய விசிறி, அதைச் சுற்றித் தகரக் கூடு. எஞ்சின் சுழல பெல்ட் ஒன்று விசிறியையும் சுழற்றும், காற்று தகடுகளுக்கு நடுவே விழுந்து போகும். எண்ணெயும் அதே காற்றில் ஆறும். அவ்வளவுதான்.

ரேடியேற்றர் இல்லை, தண்ணீர்ப் பம்ப் இல்லை, ரப்பர்க் குழாய் இல்லை. இல்லாத சாமான் பழுதாகாது. ஜேர்மனியில் இதை விரும்பியதற்குக் காரணம் பனி: குளிர்காலத்தில் வெளியே நிறுத்தின காரில் தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடிக்கும். எங்களுக்குப் பனி இல்லை, ஆனால் உப்பு இருக்கிறது. மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். அதற்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல் பட்டைதான் எழுவான்கரை. இங்கே பல கிணறுகளில் தண்ணீர் உவர். வெயிலில் ரேடியேற்றர் கொதித்து நின்ற காருக்கு, பக்கத்து வளவுக் கிணற்றுத் தண்ணீரை வாளியால் ஊற்றினால் கார் அன்றைக்கு ஓடும். உள்ளே உப்புப் படியும், துரு பிடிக்கும், குழாய் அடைக்கும். பழைய மெக்கானிக்மாரிடம் ஆமைக்காரைப் பற்றிக் கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான்: “மனே, இதுக்குத் தண்ணி குடுக்கத் தேவையில்ல.” மாட்டைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சொல்வார்கள்.

எஞ்சின் பின்னால் இருப்பதும் மணலுக்கு வாய்ப்பு. பாரம் முழுக்க ஓட்டுகிற சக்கரத்தின் மேலே விழுவதால் அது மணலைப் பிடிக்கும், சும்மா சுழலாது. இதே உடம்பின் இராணுவ வடிவத்தை இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் படை வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் ஓட்டினது இதனால்தான்.

புகழ்ந்துகொண்டே போகவும் கூடாது. விசிறி பெல்ட் அறுந்தால் காற்றும் நின்றுவிடும். முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும், அதைப் பார்த்தும் ஓட்டினால் எஞ்சின் கதை முடிந்தது. 1971 வரை வந்த எஞ்சின்களில் எண்ணெய் ஆற்றுகிற பகுதியைக் காற்றுப் பாதைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அதனால் மூன்றாம் சிலிண்டருக்கு மட்டும் போதிய காற்றுப் போகாது, அதன் வால்வுதான் முதலில் கருகும். உலகம் முழுக்க ஆமைக்கார் மெக்கானிக்மாருக்கு இந்த மூன்றாம் சிலிண்டர் கதை தெரியும். பழைய வண்டிகளில் பெற்றோல் அளவு காட்டும் முள்ளும் கிடையாது. எஞ்சின் இருமத் தொடங்கினால் காலால் ஒரு பிடியைத் திருப்பி, மிச்சம் வைத்த கொஞ்சப் பெற்றோலுக்கு மாற வேண்டும். கண்ணாடி கழுவத் தண்ணீர் பீச்சுவதற்கு ஸ்பெயார் ரயரில் இருக்கிற காற்றைப் பயன்படுத்தின மொடல்களும் உண்டு. எங்களுக்கு இந்தக் கடைசித் தகவல் தெரிய வந்த நாளில் குழுவில் ஒருவர் அரை மணித்தியாலம் சிரித்தார்.

ஆனால் நாலு போல்ட்டைக் கழற்றினால் எஞ்சின் முழுதாகக் கையில் வந்துவிடும். பழுதான சிலிண்டரைத் தனியாக உருவி எடுத்து வேறொன்று போடலாம். ஒரு தகப்பனும் மகனும் மாமரத்தடியில் வைத்துச் செய்யக்கூடிய வேலை. கம்பியூட்டர் இல்லை, கம்பனிக்காரனிடம் கேட்க வேண்டியதும் இல்லை. இன்றைய காரின் மூடியைத் திறந்தால் தெரிவது ஒரு பிளாஸ்ரிக் மூடி. அதை ‘தொடாதே’ என்ற அறிவித்தலாகத்தான் நாங்கள் வாசிக்கிறோம். ஆமைக்காரின் பின்மூடியைத் திறந்தால் தெரிவது எஞ்சின்.

இந்த எளிமையை வைத்துத்தான் ஆட்கள் ஆமைக்காரை ‘அப்பாவிக் கார்’ என்கிறார்கள். குழந்தை முகம், வட்ட லைட், கார்ட்டூன் படம். இங்கேதான் நாங்கள் கொஞ்சம் நிற்க விரும்புகிறோம்.

ஒவ்வொரு வருடமும் ஜூன் 22 ஐ உலக பீற்றில் நாள் என்று ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். இலங்கையிலும் பீற்றில் வைத்திருப்பவர்களுக்குக் கழகம் உண்டு, ஊர்வலம் உண்டு. அந்தத் திகதி எங்கிருந்து வந்தது? 1934 ஜூன் 22 அன்று ஜேர்மன் கார் உற்பத்தியாளர் சங்கம், ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற பொறியியலாளருடன் ஒரு ஒப்பந்தம் போட்டது. ‘மக்கள் கார்’ ஒன்றை வடிவமைக்கும் ஒப்பந்தம். கேட்டது ஹிட்லர். இரண்டு பெரியவரும் மூன்று பிள்ளைகளும் போக வேண்டும், மணிக்கு 100 கிலோமீற்றர் ஓட வேண்டும், 100 கிலோமீற்றருக்கு 7 லீற்றர்தான் குடிக்க வேண்டும், விலை 1000 மார்க்குக்குள் இருக்க வேண்டும், எஞ்சின் காற்றில் ஆற வேண்டும். வொக்ஸ்வேகன் என்ற சொல்லுக்கு மக்கள் வண்டி என்பதுதான் அர்த்தம்.

எந்த மக்கள்? மலிவான, எளிமையான மக்கள் காருக்காக ஜேர்மனியில் முதலில் சத்தம் போட்டு எழுதியவர்களில் ஒருவர் ஜோசெப் கான்ஸ். பொறியியலாளர், பத்திரிகை ஆசிரியர், யூதர். அவர் யோசனையில் செய்த ஒரு சின்னக் கார் 1933 இல் பேர்லின் கண்காட்சிக்கு வந்தது. 1934 இல் அவர் நாட்டை விட்டே ஓட வேண்டியிருந்தது. கடைசிக் காலத்தில் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில் இருந்து 1967 இல் இறந்தார். அவர் சாகும்போது அந்த ஊர்த் தெருவிலும் ஆமைக்கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. செக்கோஸ்லோவாக்கியாவின் தாட்ரா நிறுவனத்தில் ஹான்ஸ் லெட்விங்கா காற்றில் ஆறும் எஞ்சினைப் பின்னால் வைத்துக் கார் செய்துகொண்டிருந்தார். தங்கள் வடிவமைப்பை எடுத்துவிட்டார்கள் என்று தாட்ரா வழக்குப் பேசத் தொடங்கியது, பிறகு ஜேர்மனி அந்த நாட்டையே பிடித்துக்கொண்டது. போர் முடிந்து இருபது வருடத்துக்குப் பிறகு, 1965 இல்தான் வொக்ஸ்வேகன் காசு கொடுத்து அந்தப் பிணக்கைத் தீர்த்தது.

1938 மே மாதம் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சனங்கள் கிழமைக்கு 5 மார்க் முத்திரை வாங்கி அட்டையில் ஒட்ட வேண்டும், 990 மார்க் சேர்ந்தால் கார். மூன்று இலட்சத்துக்கும் அதிகமானவர்கள் சேர்ந்தார்கள். ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. சீட்டுப் பிடித்துக் காசை இழந்த கதைகள் எங்கட ஊரிலும் நிறைய, ஆனால் ஒரு அரசாங்கமே சீட்டுப் பிடித்த கதை இது. போர் தொடங்கியது, தொழிற்சாலை இராணுவத்துக்கு வேலை செய்தது. அங்கே வேலை செய்தவர்கள் யார் என்று பார்த்தால்தான் ‘அப்பாவிக் கார்’ என்ற சொல் தொண்டையில் சிக்குகிறது. போலந்தில் இருந்தும் சோவியத் நாடுகளில் இருந்தும் பிடித்து வரப்பட்டவர்கள், போர்க் கைதிகள், வதைமுகாம் கைதிகள். போர்க்காலம் முழுக்க ஏறத்தாழ 20,000 பேர் அங்கே கட்டாய உழைப்பில் இருந்திருக்கிறார்கள். பிள்ளை பெற்ற பெண்களிடம் இருந்து குழந்தைகளைப் பிரித்து ரூயன் என்ற கிராமத்தில் ஒரு விடுதியில் போட்டார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே நோயிலும் கவனிப்பில்லாமலும் செத்துப்போனார்கள். அதற்குப் பொறுப்பான தொழிற்சாலை வைத்தியரைப் பிரித்தானிய இராணுவ நீதிமன்றம் விசாரித்தது, 1947 இல் தூக்கிலிட்டார்கள்.

அந்தத் தொழிற்சாலையை 1945 இல் திரும்ப ஓட வைத்தது ஜேர்மனியர் இல்லை, ஐவன் ஹேர்ஸ்ற் என்ற பிரித்தானிய இராணுவ மேஜர். அவருக்குத் தன் படைக்கு வாகனம் தேவைப்பட்டது. பிரித்தானியக் கார்க் கம்பனிகள் வந்து பார்த்துவிட்டு இது சரிவராது என்று போனார்கள். 1955 ஓகஸ்டில் பத்து இலட்சமாவது கார் வந்தது. 1972 பெப்ரவரியில் 15,007,034 ஆவது கார் வந்தபோது ஃபோர்ட் மொடல் ரி யின் சாதனை முறிந்தது. கடைசி ஆமைக்கார் 2003 ஜூலை 30 அன்று மெக்சிக்கோவின் பியூப்லாவில் செய்யப்பட்டது. மொத்தம் 21,529,464.

தொழிற்சாலையின் நாஸிக் காலத்தைப் பற்றி ஹான்ஸ் மொம்சன் என்ற வரலாற்றாசிரியர் மன்ஃப்ரெட் கிறீகருடன் சேர்ந்து எழுதிய பெரிய ஆய்வு 1996 இல் வெளிவந்தது. அதற்குக் காசு கொடுத்ததே அந்தக் கம்பனிதான். 1998 இல் கட்டாய உழைப்பாளிகளுக்காக ஒரு நிதி வைத்தார்கள். 1999 இல் தொழிற்சாலையின் பழைய பதுங்கு குழிக்குள்ளேயே ஒரு நினைவிடம் திறந்தார்கள். அரை நூற்றாண்டு தாமதம். இருந்தாலும், ஒரு பதுங்கு குழியை மூடாமல் நினைவிடமாக வைத்திருக்கிறார்கள் என்ற வரியை வாசித்தபோது நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். ஏன் என்று எங்கட ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை.

இனி இந்தக் கார் எங்கட பக்கம் வந்த கதை. ஐம்பதுகளில் இலங்கை ரோட்டுகளில் ஒஸ்ரின், மொறிஸ், ஹில்மன் என்று பிரித்தானியக் கார்கள்தான் அதிகம். அவற்றுக்கு நடுவே வந்த ஜேர்மன் கார் இது. அந்தக் காலத்துக் குடும்ப அல்பங்களில் கார் ஒரு ஆள் மாதிரி நிற்கும். வெள்ளை வேட்டியில் தாத்தா, கூறைச் சேலையில் பாட்டி, அவர்களுக்கு நடுவில் மட்கார்டில் சாய்ந்து ஒரு மாமா. மட்டக்களப்பில் கார் வைத்திருப்பவர் வாவியைக் கடக்காமல் வாழ முடியாது. நகரத்துக்கு லேடி மனிங் பாலம், அதாவது 1924 இல் திறந்த பழைய கல்லடிப் பாலம், இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனந்தான் போகலாம். வாவியின் மேற்குப் பக்கம், சூரியன் மறைகிற படுவான்கரைக்குப் போக மண்முனை மாதிரியான துறைகளில் ‘பாதை’ பிடிக்க வேண்டும். வெளியூர்க்காரருக்கு ஒரு குறிப்பு: எங்கட பேச்சில் பாதை என்றால் தண்ணீரில் மிதந்து ஆளையும் வாகனத்தையும் அக்கரை சேர்க்கிற தட்டையான மிதவை. மண்முனையில் பாலம் வந்தது 2014 இல்தான், அதுவரை அந்தத் துறையால் கார் அக்கரைக்குப் போவதென்றால் மிதந்துதான் போக வேண்டும்.

அந்தக் கார்களின் முன்னால் இருந்த இலக்கத்தகட்டைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். அதற்கு முந்தின காலத்து வாகனங்களுக்கு சிலோன் என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளில் இருந்து இரண்டு இரண்டாக எடுத்துப் போட்டிருந்தார்கள். 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1957 இல் புதிய இலக்கத்தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துக் கட்டாயமானது. வடக்கு கிழக்கில் தமிழரசுக் கட்சி எதிர்த்தது. சிங்கள எழுத்தை அழித்துத் தமிழ் ‘ஸ்ரீ’யை எழுதி ஓடுவது ஒரு போராட்டமானது. (தனித்தமிழ்க்காரர் ‘ஸ்ரீ’யே வேண்டாம், ‘திரு’ போதும் என்பார்கள். அந்த எழுத்துக்காகத் தமிழர் சிறைக்குப் போனதை வரலாற்றின் குசும்பு என்று எடுத்துக்கொள்கிறோம்.) 1957 ஜூலையில் பண்டா–செல்வா ஒப்பந்தம், போராட்டம் ஓய்ந்தது. 1958 இல் சிங்கள ஸ்ரீ போட்ட புதிய அரச பஸ்களை வடக்குக்கு அனுப்பினார்கள், தார் வாளி திரும்ப வெளியே வந்தது. தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். ஏப்ரல் 9 இல் ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதம் நாடு முழுக்கத் தமிழருக்கு எதிரான வன்முறை. ஒரு எழுத்து, ஒரு தகடு, ஒரு வாளி தார் என்று தொடங்கினது எங்கே போய் முடிந்தது என்பதைப் பாடப்புத்தகம் ஒரு பந்தியில் கடந்துவிடும்.

இன்றைக்குப் பழைய கார் சேர்க்கிறவர்களிடம் கேளுங்கள், ‘ஒன் ஸ்ரீ’ இலக்கம் என்றால் கண் விரியும். அந்தத் தொடரின் முதல் வரிசை, அதனால் மதிப்பு. எங்கட தாத்தாமார் தார் பூசின எழுத்து, இன்றைக்கு பொலிஷ் போட்டு மினுக்குகிற எழுத்து. இதில் யாரையும் குற்றம் சொல்ல நாங்கள் வரவில்லை. அறுபது வருடத்தில் ஒரு காயம் அலங்காரமாக மாறலாம், சில நேரம் அது ஆறினதன் அடையாளமாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த எழுத்தின் கதை தெரியாமலே அதை விலை பேசுவதும், அந்த ஜூன் 22 இன் கதை தெரியாமலே கேக் வெட்டுவதும் எங்களுக்கு ஒன்றாகத்தான் படுகிறது.

அறுபதுகளில் அந்நியச் செலாவணி தட்டுப்பாடு வந்தது, 1970 க்குப் பிறகு கார் இறக்குமதி ஏறத்தாழ நின்றே போனது. 1977 இல் சந்தை திறந்து ஜப்பான் கார்கள் வரும்வரை, இருக்கிற காரைத்தான் உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஆமைக்காரின் உண்மையான புகழ் அந்தப் பஞ்சத்தில் வளர்ந்தது என்பது எங்கட கருத்து. பணக்கார நாடுகளில் பழைய காரை வைத்திருப்பது ஒரு ரசனை. இங்கே அதற்கு வேறு வழி இருக்கவில்லை. திருத்தக்கூடிய கார் பிழைத்தது, திருத்த முடியாதது கோழிக்கூடானது. 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டபோது மரம் விழுந்து நசுங்கினவை வேறு கணக்கு.

பிறகு யுத்தம். இதைச் சுருக்கமாகவே சொல்கிறோம். படுவான்கரை ‘விடுவிக்கப்படாத பகுதி’ என்று பெயர் வாங்கியது, சோதனைச்சாவடியில் எரிபொருளுக்கும் பற்றரிக்கும் கட்டுப்பாடு. கார் என்பது சந்தேகத்துக்குரிய பொருள், சைக்கிள்தான் வாகனம். யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடினது எல்லாருக்கும் தெரிந்த கதை. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அவை தண்ணீர் எஞ்சின்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆகவே காற்றா தண்ணீரா என்பது முழுக் கதை இல்லை. அமுக்கம் குறைந்த, பொறுமையான, மனிதக் கைக்கு அடங்குகிற எஞ்சின் எதுவோ அது தடையைத் தாண்டியது. காற்றில் ஆறுகிறது அந்தக் குணத்தின் ஒரு உச்சம், அவ்வளவே.

அப்படியென்றால் உலகம் ஏன் அதைக் கைவிட்டது? இதற்கு நல்ல விடை ஹொண்டாவின் கதையில் இருக்கிறது. சொய்சிரோ ஹொண்டா பிடிவாதமான காற்றுக் கட்சிக்காரர். தண்ணீரில் ஆறும் எஞ்சினையும் கடைசியில் காற்றுத்தானே ஆற்றுகிறது, பிறகு நடுவில் தண்ணீர் எதற்கு என்பது அவர் வாதம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. 1968 இல் காற்றில் ஆறும் எஞ்சின் வைத்த பந்தயக் காரை பிரான்சின் ரூவான் பந்தயத்துக்கு அனுப்பினார்கள். அது விபத்தில் எரிந்து ஓட்டுநர் ஜோ ஷ்லெஸர் இறந்தார். அதன் பிறகும் ஹொண்டா 1300 என்ற காரைக் காற்று எஞ்சினுடனேயே விட்டார். புகைச் சட்டங்கள் இறுகின காலம் அது. சுத்தமாக எரிய வேண்டுமென்றால் எஞ்சினின் சூடு ஒரே அளவில் நிற்க வேண்டும், அதற்குத் தண்ணீர்தான் சரி என்று கம்பனியின் இளம் பொறியியலாளர்கள் முதலாளிக்கு எதிராக நின்றார்கள். கடைசியில் அவர் விட்டுக்கொடுத்தார். 1972 இல் சிவிக் வந்தது, 1973 இல் அவர் தலைமையில் இருந்து இறங்கினார். எங்கட பக்கம் பெரியவர் ஒருவர் இப்படித் தோற்றுக்கொடுத்ததை நாங்கள் அதிகம் கண்டதில்லை.

சத்தமும் இன்னொரு காரணம். எஞ்சினைச் சுற்றி இருக்கிற தண்ணீர் சத்தத்தையும் விழுங்கிவிடும். தண்ணீர் இல்லாத எஞ்சின் தன் சத்தம் எல்லாவற்றையும் வெளியே சொல்லும், சட்டம் அதை விரும்பவில்லை. போர்ஷே கம்பனியின் 911 கார் அறுபதுகளில் இருந்து காற்றில் ஆறியது, 1998 இல் அந்த வரிசை முடிந்தது. இப்போது அந்தக் கடைசிக் காற்றுப் போர்ஷேக்கள் ஒரு வீட்டு விலைக்குப் போகின்றன. முட்டைக் கூடையோடு உழுத வயலைக் கடந்தாலும் முட்டை உடையக் கூடாது என்று பிரெஞ்சு விவசாயிக்காகச் செய்த சித்ரோன் 2 சிவி யும் 1990 இல் நின்றது, அதுவும் இப்போது சேகரிப்புச் சாமான்.

கார்தான் போனது, எஞ்சின் போகவில்லை. வந்தாறுமூலையில் கம்பஸ் முடிந்து ஓட்டோ பிடிக்கிறவர்கள் சீட்டுக்குப் பின்னால் கை வைத்துப் பாருங்கள். அந்தச் சூடு காற்றில் ஆறும் எஞ்சினின் சூடு. எங்கட அப்பாமாரின் ஹொண்டா மோட்டார்சைக்கிள், சென்னையில் 1955 இல் இருந்து செய்த ரோயல் என்ஃபீல்ட் புல்லட், எல்லாவற்றிலும் அதே செதில் தகடுகள்தான். ஏழைக்கு அது அன்றாடம், பணக்காரனுக்கு அது பழம்பொருள். கவர்ச்சி என்ற சொல்லை நாங்கள் இரண்டாவது ஆளுக்கு மட்டும் எழுதி வைத்திருக்கிறோம்.

2020 இல் இலங்கையில் வாகன இறக்குமதி திரும்ப நின்றது. 2022 இல் பெற்றோல் வரிசையில் இரவைக் கழித்தோம். அந்த வருடங்களில் கொட்டிலுக்குள் கிடந்த பழைய வண்டிகளுக்கு மறுபடி மதிப்பு வந்தது, எழுபதுகளின் கதை கொஞ்சம் திரும்பி நடந்தது. எங்கட பக்கம் ஒரு ஆமைக்காரைத் திருத்துகிற இடத்துக்கு நாங்கள் போய்ப் பார்த்தோம். எஞ்சின் மேசையில் இருந்தது, அதற்கு ஒன்றும் இல்லை. பிரச்சினை உடம்பில். வாசற்படிக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடும் கால் வைக்கிற தட்டும் துருவில் பப்படமாகியிருந்தன. தண்ணீர் குடிக்காத எஞ்சினை உவர் தண்ணீரால் ஒன்றும் செய்ய முடியவில்லை, உப்புக் காற்று மற்றதை எல்லாம் தின்றிருந்தது. வெல்டிங் செய்துகொண்டிருந்த அண்ணன், சுனாமித் தண்ணீருக்குள் நின்ற வாகனங்கள் இதைவிட மோசம் என்றார், வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அந்தக் காரின் இலக்கத்தகடு ஒரு ஆணியில் தனியாகத் தொங்கியது. கறுப்பில் வெள்ளை எழுத்து, நடுவில் சிங்கள ஸ்ரீ. கல்யாணத்துக்குப் போகும்போது அதற்கு மேலே மாப்பிள்ளை பொம்பிளையின் பெயர் எழுதின அட்டையை ஒட்டுவார்களாம். படத்துக்கு வடிவாக இருக்காதாம். அடுத்த ஜூன் 22 க்கு எங்கட பக்கத்தில் ஒரு ஆமைக்கார்ப் படம் போடுவதென்று முடிவு செய்திருக்கிறோம். அட்டை ஒட்டாமல், தகடு தெரிகிற மாதிரி.